காணாமல் போகும் கருப்பின, பூர்வகுடிப் பெண்கள்: அமெரிக்காவும் கனடாவும் என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாரைப் பற்றியது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் காணாமல் போகும் கருப்பினப் பெண்கள், பூர்வகுடிப் பெண்கள், அவர்கள் வீட்டுச் சிறுமிகள் ஆகியோரைப் பற்றியது. அவர்களைத் தேட அந்த அரசுகள் என்ன செய்தன, எங்கே கைவிட்டன என்று நண்பர்கள் அவ்வப்போது கேட்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வெள்ளையர் அல்லாத எல்லாப் பெண்களையும் சேர்த்துச் சொல்ல அங்கே ‘விமன் ஆஃப் கலர்’ என்ற ஒரே பொதுச் சொல் உண்டு. லத்தீன் அமெரிக்க, ஆசியப் பெண்களும் அதில் அடங்குவார்கள். ஆனால் தனிச் சட்டங்களும் தனி அலுவலகங்களும் பெரும்பாலும் முதல் இரு பிரிவினருக்காகத்தான் உருவாகியிருக்கின்றன. அதனால் இங்கேயும் அவர்களைப் பற்றியே அதிகம் இருக்கும்.

எத்தனை பேர் காணாமல் போகிறார்கள்?

அமெரிக்காவில் ஒருவரைக் காணவில்லை என்று போலீஸ் பதிந்தால், அந்தப் பதிவு எஃப்பிஐ நடத்தும் தேசியக் குற்றத் தகவல் மையத்துக்குப் போகும். 2020ஆம் ஆண்டு அப்படிப் பதிவான பெண்கள், சிறுமிகள் 2,68,884. அதில் கருப்பினத்தவர் 90,333, அதாவது மூன்றில் ஒரு பங்கு. நாட்டின் மொத்தப் பெண்களில் கருப்பினப் பெண்கள் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான்.

இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். இது அந்த ஓர் ஆண்டில் வந்த பதிவுகளின் கணக்கு. பெரும்பாலானோர் சில நாட்களில் கிடைத்துவிடுகிறார்கள். ஒரே சிறுமி மூன்று முறை வீட்டை விட்டுப் போனால் மூன்று பதிவுகள் வரும். ஆகவே 90,333 பேரை இன்றுவரை காணவில்லை என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது தவறு. மக்கள்தொகையில் இருக்கும் பங்கைவிடப் பதிவில் இருக்கும் பங்கு இவ்வளவு அதிகமாக இருப்பதுதான் கவலைக்குரிய செய்தி.

பூர்வகுடிப் பெண்களின் கணக்கு எப்படி?

அங்கே கணக்கெடுப்பிலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. சியாட்டிலில் இருக்கும் நகர்ப்புறப் பூர்வகுடிகள் சுகாதார நிறுவனம் 2018ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பூர்வகுடிப் பெண்களைக் காணவில்லை என்று 2016ல் தேசியக் குற்றத் தகவல் மையத்தில் 5,712 பதிவுகள் இருந்தன. காணாமல் போனவர்களுக்காகவே அமெரிக்க நீதித்துறை ‘நேம்அஸ்’ என்ற பெயரில் இன்னொரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. அதில் இருந்தவை 116. ஒரே அரசு, ஒரே பிரச்சினை, இரண்டு பதிவேடுகள்.

அதே ஆய்வில் 71 நகரங்களின் போலீஸ் துறைகளிடம் விவரம் கேட்டார்கள். காணாமல் போனவை, கொலைகள் எல்லாம் சேர்த்து 506 பேரின் விவரம் கிடைத்தது. அவற்றில் 153 பேரின் பெயர்கள் போலீஸ் பதிவுகளிலேயே இல்லை. குடும்பத்தினர், செய்தித்தாள்கள், சமூகத்தினர் வைத்திருந்த குறிப்புகளிலிருந்துதான் அவற்றை எடுக்க வேண்டியிருந்தது. சியாட்டில் போலீஸ் துறை முதலில் ‘என்’ என்ற எழுத்துக் குறியிட்ட ஒரு பட்டியலை அனுப்பியது. பூர்வகுடி என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் அந்த எழுத்தில்தான் தொடங்கும். பிறகு ஒரு விளக்கம் வந்தது: பழைய பதிவுகளில் ‘என்’ என்றால் ‘நீக்ரோ’வாம். அந்தப் பட்டியலில் யார் பூர்வகுடி, யார் கருப்பினம் என்று அவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு பெண் இறந்த பிறகும் அவள் யார் என்று சரியாக எழுதி வைக்காத ஆவணத்தை வைத்துக்கொண்டு அவளுக்காக என்ன திட்டம் தீட்ட முடியும்? அந்த அறிக்கையில் என்னை அதிகம் தொந்தரவு செய்த பகுதி இதுதான்.

லத்தீன் அமெரிக்கப் பெண்களுக்கும் இதே கதிதான். இனம் என்ற கட்டத்தில் அவர்களில் பலர் ‘வெள்ளை’ என்றே பதியப்படுவதால் தனிக் கணக்கு எடுப்பது கடினம்.

வெள்ளையினப் பெண்களும்தானே காணாமல் போகிறார்கள்? இனத்தை ஏன் இழுக்க வேண்டும்?

யாரைக் காணவில்லை என்றாலும் வேதனை ஒன்றுதான். தேடுதல்தான் ஒரே மாதிரி நடப்பதில்லை. காணாமல் போன பெண் வெள்ளையினத்தவர் என்றால் ஊடகங்கள் திரண்டு வருவதை, கருப்பினப் பத்திரிகையாளர் க்வென் ஐஃபில் 2004ல் நடந்த ஒரு மாநாட்டில் வெளிப்படையாகச் சொன்னார். ‘காணாமல் போன வெள்ளைப் பெண் நோய்க்குறி’ என்று அவர் வைத்த பெயர் இன்றும் நிற்கிறது.

2021ல் இது நாடறிய வெளிப்பட்டது. வேனில் ஊர் சுற்றப் போன 22 வயது வெள்ளையினப் பெண் ஒருவரைக் காணவில்லை என்று வாரக்கணக்கில் எல்லாத் தொலைக்காட்சிகளும் பேசின. அவர் உடல் வயோமிங் மாநிலத்தில் கிடைத்தது. அதே மாநிலத்தில் 2011 முதல் 2020 வரை 710 பூர்வகுடியினரைக் காணவில்லை என்று பதிவாகியிருந்தது. அதில் பாதிக்கும் மேல் பெண்கள். இதைச் சொன்ன அறிக்கை அதே 2021 ஜனவரியில்தான் வெளிவந்திருந்தது. கொலையுண்ட வெள்ளையினத்தவரில் 51 சதவீதம் பேரைப் பற்றிச் செய்தித்தாளில் வந்ததாகவும், கொலையுண்ட பூர்வகுடிப் பெண்களில் 18 சதவீதம் பேரைப் பற்றி மட்டுமே வந்ததாகவும் அதில் இருந்தது. வேன் பெண்ணைத் தேடியதில் எந்தத் தவறும் இல்லை. அந்த அளவுக்குத் தேடினால் கண்டுபிடிக்க முடிகிறது என்பதைத்தான் மற்றக் குடும்பங்கள் கண்ணீரோடு சுட்டிக்காட்டின.

‘ஓடிப்போனவள்’ என்று பதிந்தால் என்ன மாறும்?

நிறைய மாறும். தமிழில் ‘ஓடிப்போனவள்’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு பழி இருக்கிறது அல்லவா? அவளாகப் போனாள், அவளாக வரட்டும் என்ற தொனி. அமெரிக்கப் போலீஸ் படிவத்திலும் அந்தக் கட்டத்துக்கு அதே வேலைதான். காணாமல் போன கருப்பினச் சிறுமிகளை விசாரணை இல்லாமலே ஓடிப்போனவர்கள் என்று பதிந்துவிடுகிறார்கள் என்று குடும்பங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன.

இதன் விளைவு நேரடியானது. கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறும் ‘ஆம்பர்’ எச்சரிக்கை, டெக்சாஸில் 1996ல் கடத்திக் கொல்லப்பட்ட ஒரு சிறுமியின் பெயரால் வந்தது. அது 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். கடத்தப்பட்டாள் என்று நம்பப் போலீஸுக்குக் காரணமும் இருக்க வேண்டும். ஓடிப்போனவள் என்று எழுதிவிட்டால் கடத்தல் என்ற பேச்சே இல்லை, எச்சரிக்கையும் கிடையாது. 19 வயதானால் கடத்தப்பட்டிருந்தாலும் கிடையாது. வீட்டை விட்டுத் தானாகப் போன பதினைந்து வயதுப் பிள்ளை, மூன்றாம் நாள் யார் கையில் இருக்கிறாள் என்பதை அந்தப் படிவம் கேட்பதில்லை.

அந்த ஓட்டையை அடைக்க என்ன செய்தார்கள்?

மாநிலங்கள் முந்திக்கொண்டன. வாஷிங்டன் மாநிலம் 2022ல், காணாமல் போன பூர்வகுடியினருக்கென்றே ஓர் எச்சரிக்கை முறையைச் சட்டமாக்கியது. அமெரிக்காவில் அதுதான் முதல். கலிஃபோர்னியாவில் பூர்வகுடியினருக்கான ‘ஃபெதர் அலர்ட்’ என்ற இறகு எச்சரிக்கை 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அங்கேயே 2024 ஜனவரியில் 12 முதல் 25 வயது வரையான கருப்பின இளையோருக்கு ‘எபனி அலர்ட்’ வந்தது. கடத்தல் என்று நிரூபிக்கத் தேவையில்லை. சந்தேகத்துக்குரிய சூழலில் காணாமல் போனாலோ, ஆபத்தில் இருக்கலாம் என்றாலோ போதும். 25 வயது வரை என்று வைத்தது நல்ல முடிவு என்று நினைக்கிறேன். பதினெட்டாம் பிறந்தநாளோடு ஆபத்து நின்றுவிடுவதில்லை.

ஆனால் சட்டம் வந்த கையோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. இறகு எச்சரிக்கை கேட்டு வந்த தொடக்கக் கோரிக்கைகளில் பல ஏற்கப்படவில்லை. பூர்வகுடி அமைப்புகள் விடாமல் குரல் எழுப்பின. 2024ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது பூர்வகுடிகள் தங்கள் நிலங்களில் நடத்தும் சொந்த அரசுகளே நேரடியாக மாநில நெடுஞ்சாலைக் காவல் துறையிடம் எச்சரிக்கை கேட்கலாம்.

நாடு முழுவதற்கும் பார்த்தால், 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கான ‘அஷாந்தி’ எச்சரிக்கைச் சட்டம் 2018 கடைசி நாளில் கையெழுத்தானது. வர்ஜீனியாவில் கடத்திக் கொல்லப்பட்ட 19 வயதுக் கருப்பினப் பெண்ணின் பெயர் அது. அப்புறம் 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், காணாமல் போய் ஆபத்தில் இருப்பவர்களுக்கென ஒரு தனிக் குறியீட்டை ஏற்றது. ஆம்பர் வரம்புக்குள் வராதவர்களுக்கும் கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் எச்சரிக்கை அனுப்ப இது வழி செய்கிறது.

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். அது சினிமாவில் வருவது. அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி 21 வயதுக்கு உட்பட்டவரைக் காணவில்லை என்றால் போலீஸ் காத்திருக்கச் சொல்லக் கூடாது. 2 மணி நேரத்துக்குள் தேசியப் பதிவில் ஏற்ற வேண்டும். அங்கே இருக்கும் நம் உறவினர்களுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

பூர்வகுடி நிலத்தில் ஒரு பெண் காணாமல் போனால் யார் தேட வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாததுதான் பிரச்சினையின் வேர். நம் ஊரில் புகார் கொடுக்கப் போனால் ‘இது எங்க லிமிட் இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க’ என்பார்களே, அதை மூன்று அரசுகள் சேர்ந்து சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பூர்வகுடி அரசுகளுக்குச் சொந்தப் போலீஸும் நீதிமன்றமும் உண்டு. ஆனால் 1885ல் வந்த பெருங்குற்றங்கள் சட்டம், கொலை போன்ற வழக்குகளில் மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது. 1953ல் வந்த இன்னொரு சட்டம் கலிஃபோர்னியா, மினசோட்டா உள்ளிட்ட சில மாநிலங்களில் அந்த வேலையை மாநில அரசிடம் மாற்றியது. 1978ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: பூர்வகுடி நிலத்துக்குள்ளேயே குற்றம் செய்தாலும், பூர்வகுடி அல்லாதவரைப் பூர்வகுடி நீதிமன்றம் குற்றவியல் வழக்கில் விசாரிக்க முடியாது. வாஷிங்டன் மாநிலத்தின் சுக்வாமிஷ் மக்கள் தொடர்பான வழக்கு அது.

ஆகவே குற்றம் நடந்த இடம் எந்த நிலம், பாதிக்கப்பட்டவர் பூர்வகுடியா, குற்றவாளி பூர்வகுடியா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால்தான் வழக்கு யாருடையது என்றே தெரியும். ஒரு பெண்ணைக் காணவில்லை என்று தாய் வந்து நிற்கும்போது இந்த மூன்றில் எதற்குப் பதில் இருக்கும்? என்ன குற்றம், எங்கே நடந்தது, யார் செய்தது எதுவுமே தெரியாது. தெரிந்தால் அவள் காணாமல் போனவளாகவே இருக்க மாட்டாளே. இந்தக் குழப்பம் தீரும்வரை போகும் மணிக்கணக்கான நேரம்தான் தேடுவதற்கு மிக முக்கியமான நேரம்.

குற்றவாளி யார் என்பது சின்ன விஷயமும் இல்லை. அமெரிக்க நீதித்துறையின் ஆய்வுப் பிரிவு 2016ல் வெளியிட்ட கணக்கின்படி, பூர்வகுடிப் பெண்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வாழ்நாளில் ஏதோ ஒரு வன்முறையைச் சந்தித்தவர்கள். அப்படிப் பாதிக்கப்பட்ட பெண்களில் 97 சதவீதம் பேர் வேற்று இனத்தவர் ஒருவராவது தம்மீது வன்முறை செய்ததாகச் சொன்னார்கள். அதாவது 1978 தீர்ப்பு யாரைத் தொடக் கூடாது என்றதோ, குற்றம் செய்பவர்களில் அவர்கள் ஏராளம்.

பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தை 2013ல் புதுப்பித்தபோது குடும்ப வன்முறை வழக்குகளில் மட்டும் இந்தத் தடையைத் தளர்த்தினார்கள். 2022ல் பாலியல் தாக்குதல், பாலியல் சுரண்டலுக்கான ஆள்கடத்தல், பின்தொடர்ந்து துன்புறுத்துதல், குழந்தைகள் மீதான வன்முறை ஆகியவையும் சேர்ந்தன. கொலை இன்னும் அந்தப் பட்டியலில் இல்லை.

அமெரிக்க மத்திய அரசு வேறு என்ன செய்திருக்கிறது?

இதில் இரு கட்சிகளுக்கும் பங்கு இருக்கிறது. 2019 நவம்பரில் அதிபர் டிரம்ப் ஒரு பணிக்குழுவை அமைத்தார். அதன் கீழ் 2020ல் மினசோட்டாவில் தொடங்கி ஏழு இடங்களில், துப்பு கிடைக்காமல் கிடந்த பழைய வழக்குகளுக்கான அலுவலகங்கள் திறக்கப்பட்டன. 2020 அக்டோபர் 10 அன்று இரண்டு சட்டங்கள் ஒன்றாகக் கையெழுத்தாயின. ஒன்று சவானா சட்டம். வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் 2017ல் எட்டு மாதக் கர்ப்பத்தோடு கொல்லப்பட்ட 22 வயதுப் பூர்வகுடிப் பெண்ணின் பெயர் அது. வழக்குகளை எப்படிக் கையாள வேண்டும் என்ற நெறிமுறைகளையும், பதிவேடுகளைச் சீராக்குவதையும் அந்தச் சட்டம் கட்டாயமாக்கியது. இன்னொன்று ‘நாங்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள் இல்லை’ என்ற பொருளில் பெயரிடப்பட்ட சட்டம். பூர்வகுடி இனங்களைச் சேர்ந்த நான்கு எம்.பி.க்கள், இரண்டு கட்சிகளிலிருந்தும் இரண்டிரண்டு பேர், சேர்ந்து கொண்டுவந்தது அது.

அந்த நால்வரில் ஒருவரான டெப் ஹாலண்ட் 2021ல் உள்துறைச் செயலரானார் (அங்கே அது போலீஸ் துறை அல்ல, அரசு நிலங்களையும் பூர்வகுடி விவகாரங்களையும் கவனிக்கும் துறை). அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி அவர். பதவியேற்றுச் சில வாரங்களிலேயே, ஏப்ரல் 1 அன்று, காணாமல் போனவர்களுக்கும் கொலையுண்டவர்களுக்கும் தனி விசாரணைப் பிரிவை அறிவித்தார். பூர்வகுடி விவகாரத் துறையின் மதிப்பீட்டில் துப்புத் துலங்காத வழக்குகள் சுமார் 4,200. அதே ஆண்டு நவம்பரில் அதிபர் பைடனும் ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்தார். 2025ல் எஃப்பிஐ, பூர்வகுடிப் பகுதிகளின் தீராத வழக்குகளுக்கென 60 பேரைச் சுழற்சி முறையில் ஆறு மாதங்களுக்கு அனுப்புவதாக அறிவித்தது.

தாமதங்களையும் சொல்ல வேண்டும். 2020ன் அந்த இரண்டாவது சட்டப்படி அமைய வேண்டிய ஓர் ஆணையத்தின் உறுப்பினர்களை 2021 பிப்ரவரிக்குள் நியமித்திருக்க வேண்டும். 2022 மே 5 அன்றுதான் பெயர்களை அறிவித்தார்கள். இடையே 2021 நவம்பரில், நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அமைப்பு இதைக் குறிப்பிட்டுக் கண்டித்ததோடு, காணாமல் போன, கொலையுண்ட பூர்வகுடிப் பெண்களின் மொத்த எண்ணிக்கையே தெரியவில்லை என்றும் எழுதியது.

ஆணையம் அமைந்த பிறகு நன்றாகவே உழைத்தது. 2023ல் நாட்டின் பல பகுதிகளில் விசாரணைகள் நடத்தி, உயிர் தப்பியவர்கள், குடும்பத்தினர் எனச் சுமார் 260 பேரின் சாட்சியத்தைக் கேட்டது. நவம்பர் 1 அன்று ‘இனி ஒருவர்கூடக் கூடாது’ என்ற பொருள்படும் தலைப்பில் அறிக்கை வந்தது. அந்த அறிக்கை 2025ல் நீதித்துறையின் இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது. புதிய நிர்வாகத்தின் பாலினம் தொடர்பான ஆணையைக் காரணமாகக் காட்டினார்கள். மகளை இழந்த ஒரு தாய், அறிமுகமில்லாத அதிகாரிகள் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்லியிருக்கிறாள். அதைப் பொதுமக்கள் படிக்க முடியாதபடி அந்தத் தளத்திலிருந்து எடுப்பதற்கு எந்தக் காரணத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.

கருப்பினப் பெண்களுக்கென்று மத்திய அரசில் அப்படி ஏதாவது உண்டா?

பூர்வகுடிப் பெண்களுக்கு வந்தது போன்ற தனிச் சட்டம் இல்லை. 2022 மார்ச் 3 அன்று பிரதிநிதிகள் சபையின் ஒரு துணைக்குழு, எம்.பி. ஜேமி ராஸ்கின் தலைமையில், வெள்ளையர் அல்லாத பெண்கள் காணாமல் போவது பற்றி விசாரணைக் கூட்டம் நடத்தியது. அதற்கு மேல் பெரிதாக நகரவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர்கள் தனி மனிதர்கள். நாத்தனார் உறவில் இருக்கும் டெரிகா வில்சன், நடாலி வில்சன் இருவரும் 2008ல் மேரிலாந்தில் ‘பிளாக் அண்ட் மிஸ்ஸிங்’ அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். ஒருவர் முன்னாள் போலீஸ், இன்னொருவர் ஊடகத் தொடர்பில் வேலை பார்த்தவர். காணவில்லை என்ற செய்தியைப் போலீஸிடமும் ஊடகத்திடமும் ஒருசேரக் கொண்டுபோக இந்த இரண்டு அனுபவமும் கைகொடுத்தன.

மினசோட்டாவை ஏன் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்?

ஏனென்றால் அங்கே அறிக்கை ஓர் அலுவலகமாக மாறியது. காணாமல் போன, கொலையுண்ட பூர்வகுடியினருக்கென நாட்டின் முதல் மாநில அலுவலகம் 2021ல் அங்கே உருவானது. அதே ஆண்டில் கருப்பினப் பெண்களுக்கான பணிக்குழுவையும் அமைத்தார்கள். 2022 டிசம்பரில் வந்த அதன் அறிக்கை, அந்த மாநிலத்தில் ஒரு கருப்பினப் பெண் கொல்லப்படும் வாய்ப்பு வெள்ளையினப் பெண்ணைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்றது. அடுத்த ஆண்டே, 2023ல், கருப்பினப் பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான அலுவலகத்தைச் சட்டம் போட்டு நிறுவினார்கள். அமெரிக்காவில் அப்படி ஒன்று அதுவே முதல். பணிக்குழு கலைந்துவிடும், அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும், வேலைக்கு ஆள் வைக்க வேண்டும், தொலைபேசி அடித்தால் எடுக்க வேண்டும்.

சிவப்பு உடை, முகத்தில் சிவப்புக் கை. இவை எதற்கு?

கனடாவின் பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு மரபினரான மெட்டி இனக் கலைஞர் ஜேமி பிளாக் கனடாவில் வெறும் சிவப்பு உடைகளைப் பொதுவிடங்களில் தொங்கவிட்டுத் தொடங்கினார். போட்டுக்கொள்ள ஆள் இல்லாத உடைகள். மே 5 அன்று இரு நாடுகளிலும் காணாமல் போன, கொலையுண்ட பூர்வகுடிப் பெண்களின் நினைவு நாளைக் கடைப்பிடிக்கிறார்கள். வாயின் மேல் பதிந்த சிவப்புக் கை, அடைக்கப்பட்ட குரல்களுக்காக.

கனடாவில் நிலைமை என்ன?

கனடாவின் மத்தியப் போலீஸ் 2014ல் ஒரு கணக்கை வெளியிட்டது. 1980 முதல் 2012 வரை 1,181 பூர்வகுடிப் பெண்கள்: 1,017 பேர் கொலை, 164 பேரைக் காணவில்லை. பெண்களில் 4.3 சதவீதமே இருந்தவர்கள், கொலையுண்ட பெண்களில் 16 சதவீதம்.

2016ல் தேசிய விசாரணை ஆணையம் அமைந்தது. தலைவர் மரியன் புல்லர், தாமே பூர்வகுடியான முன்னாள் நீதிபதி. 2019 ஜூன் 3 அன்று வந்த அறிக்கையில் 231 கோரிக்கைகள் இருந்தன. அவற்றைப் பரிந்துரைகள் என்று ஆணையம் சொல்லவில்லை. சட்டப்படி செய்தே தீர வேண்டியவை என்றது. நடந்ததை இனப்படுகொலை என்றும் எழுதியது. இரண்டு ஆண்டு கழித்துத் தேசியச் செயல்திட்டம் வந்தது. நடைமுறை மெதுவாகத்தான் போகிறது என்பது குடும்பங்களின் தீராத குறை.

எவ்வளவு மெதுவாக என்று பார்க்க பிரிட்டிஷ் கொலம்பியாவின் 16ஆம் நெடுஞ்சாலையைப் பாருங்கள். பிரின்ஸ் ஜார்ஜிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட் வரை சுமார் 720 கிலோமீட்டர். ‘கண்ணீர் நெடுஞ்சாலை’ என்றே பெயர். போதுமான பேருந்து இல்லாததால் பெண்கள் போகிற வண்டியை நிறுத்தி லிஃப்ட் கேட்டுத்தான் ஊர்களுக்கிடையே போனார்கள். அதில் பலர் வீடு சேரவில்லை. 2006ல் குடும்பங்களும் பூர்வகுடி அமைப்புகளும் கூடி 33 பரிந்துரைகள் வைத்தன. பேருந்து விடுங்கள் என்பது அதில் முக்கியமானது. பேருந்து ஓடத் தொடங்கியது 2017ல். ஒரு பஸ் விட 11 ஆண்டுகள்.

வின்னிபெக் குப்பைக் கிடங்கு விவகாரம் என்ன?

2022ல் மனிடோபா மாநிலத்தின் வின்னிபெக் நகரில் ஒருவன் நான்கு பூர்வகுடிப் பெண்களைக் கொன்றான். அவர்களில் இருவரின் உடல்கள் நகருக்கு வடக்கே இருக்கும் பிரெய்ரி கிரீன் குப்பைக் கிடங்கில் இருப்பதாகப் போலீஸே நம்பியது. ஆனாலும் அந்த ஆண்டு டிசம்பரில் ‘தேட முடியாது’ என்று அறிவித்தது. நாட்கள் கடந்துவிட்டன, டன் கணக்கில் குப்பை விழுந்துவிட்டது என்பது காரணம். 2023ல் ஒரு சாத்தியக்கூறு ஆய்வு, தேடலாம் என்றது. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற நச்சு ஆபத்து உண்டு, செலவு 18 கோடி டாலர் வரை போகலாம் என்றும் சொன்னது. மாநிலத்தின் அன்றைய முதல்வர் ஹெதர் ஸ்டெஃபன்சன் ஆதரவு தர முடியாது என்றார்.

குடும்பத்துப் பெண்கள் வீடு போகவில்லை. நகரின் இன்னொரு குப்பைக் கிடங்குக்குப் போகும் சாலையை மறித்தார்கள். மனித உரிமை அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு, மனிடோபாவின் குளிரில் உட்கார்ந்தார்கள். 2023 அக்டோபர் தேர்தலில், தேடக் கூடாது என்ற நிலைப்பாட்டையே ஆளும் கட்சி விளம்பரப் பலகைகளில் எழுதி ஓட்டுக் கேட்டது, தோற்றது. வாப் கினியூ முதல்வரானார். ‘ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்’ எனப்படும் பூர்வகுடி இனக்குழுக்களிலிருந்து கனடாவின் ஒரு மாகாணத்துக்கு வந்த முதல் முதல்வர் அவர். 2024 மார்ச்சில் மத்திய அரசும் மாநில அரசும் தலா 2 கோடி டாலர் ஒதுக்கின. அதே ஆண்டு கொலையாளிக்கு நான்கு கொலைகளுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. டிசம்பரில் தேடல் தொடங்கியது.

2025 பிப்ரவரி இறுதியில் மனித எச்சங்கள் கிடைத்தன. மார்ச்சில் அவை அந்த இரண்டு பெண்களுடையவைதான் என்று உறுதியானது. முடியாது என்று சொன்ன வேலையில், குப்பையைக் கிளறத் தொடங்கி மூன்று மாதங்களில் கிடைத்துவிட்டார்கள்.

நான்காவது பெண் யாரென்றே அதுவரை தெரியாது. அவளைப் பெயரில்லாமல் விட மனமில்லாமல், பூர்வகுடி மூதாட்டிகள் ‘எருமைப் பெண்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெயரில்தான் அவளுக்காக வேண்டிக்கொண்டார்கள். 2025 மார்ச் இறுதியில் போலீஸ் அவளுடைய உண்மையான பெயரை அறிவித்தது. அவள் பிரேடி சாலைக் குப்பைக் கிடங்கில் இருக்கலாம் என்றும் சொன்னது. குடும்பத்துப் பெண்கள் 2023ல் மறித்தது அந்தக் கிடங்குக்குப் போகும் சாலையைத்தான். அங்கேயும் தேடுவோம் என்று மாநில அரசு இம்முறை உடனே சொன்னது.